ஸ்லின் நகரத்து லிஃப்டும் வீரபாண்டி முதலாளியும்

எதையும் பாதி மட்டும் படிக்கிறவளும், காதில் விழுந்ததை உடனே செய்து முடிக்கிறவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கக் கூடாது. பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நானும் எங்கள் முதலாளி நாச்சிமுத்துவும் சாட்சி. (மூன்றாவது சாட்சி செக் நாட்டில் இருக்கிறார். அவர் இன்னும் எங்களோடு பேசுகிறார் என்பதுதான் ஆச்சரியம்.)

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீரபாண்டியில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஷிப்மென்ட் தாமதமானால் இனிக்க இனிக்கப் பொய் சொல்வது, இவைதான் என் வேலை. அந்த வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. இரண்டாவது மாடியில் தையல் மெஷின்கள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு கிடந்தன. அங்கே தைத்தவர்களை முறை போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கீழ்மாடி வேலைக்கு வரச் சொல்லியிருந்தார் முதலாளி.

“இந்தச் செக்கு நாட்டு பையர் ஆர்டர் வந்துச்சுன்னா மேல் மாடியத் தொறந்தர்லாம் அம்மணி. வர்லீன்னா பூட்டிப்போட்டு வாடகைக்கு உட்ர வேண்டீதுதான். இத்தன பேர்த்தயும் வேற எடம் பாத்துக்கங்கன்னு எந்த வாயில சொல்றது?” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்களிடம் வாங்க நினைத்த அந்தப் பையர் பெயர் பாவெல். அவருக்கு ஒரே ஒரு பயம். முன்பு வேறெங்கோ வாங்கிய டீ-ஷர்ட்டில் சிவப்புச் சாயம் முதல் துவையலிலேயே இறங்கி, பக்கத்து வெள்ளைக் கோடுகளை எல்லாம் ரோஸ் ஆக்கிவிட்டதாம். எங்கள் சாயம் இறங்காது என்று லேப் ரிப்போர்ட் அனுப்பினோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரில் வருகிறேன் என்று மட்டும் எழுதினார்.

எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி “எந்த ஊருங்க?” என்பதுதான். ஊர் தெரிந்தால், அந்த ஊரில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவோம். பாவெலின் ஊர் ஸ்லின். அங்கே முதலாளிக்குச் சொந்தம் யாரும் இல்லை. (விசாரித்துப் பார்த்தார்.)

“நீ அந்த ஊரப் பத்தி நாலு விசயம் படிச்சுட்டு வா அம்மணி. ஊரப் பத்திப் பேசுனா மனுசன் எளகிருவான்.”

மறுநாள் காலை பல்லடத்திலிருந்து வரும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே செல்போனில் படித்தேன். படிக்கப் படிக்க வாய் பிளந்தது. சின்ன ஊராகக் கிடந்த இடத்தில் ஒரு செருப்புக் கம்பெனி வந்து, ஒரு நகரத்தையே கட்டியிருக்கிறது. தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கான்கிரீட் தூண். நடுவில் சிவப்புச் செங்கல், பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல். தொழிலாளிகளுக்குச் சதுரம் சதுரமாகச் செங்கல் வீடுகள், வீட்டைச் சுற்றித் தோட்டம். பார்க்கப் போகிறவர்களுக்குச் செருப்புக்கென்றே ஒரு மியூசியம், ஊருக்கு வெளியே ஒரு மாளிகையோடு சேர்ந்த மிருகக்காட்சி சாலை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பதினாறு மாடி ஆபீஸ் ஒன்று கட்டி, அதில் முதலாளியின் அறையையே லிஃப்டாக வைத்திருக்கிறார்கள்! மேஜை, நாற்காலி, கை கழுவக் குழாய் எல்லாம் உள்ளேயே. எந்த மாடியில் வேலையோ அந்த மாடிக்கு அறையோடு போய் நிற்கலாம்.

இந்த இடத்தில் கண்டக்டர் “வீரபாண்டி பிரிவெல்லாம் எறங்கு” என்று கத்தினார். இறங்கிவிட்டேன். மிச்சத்தைப் படிக்கவில்லை.

டீ நேரத்தில் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாளிகைக்கும் மியூசியத்துக்கும் “ம்” கொட்டினார். லிஃப்ட் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பைப்புல தண்ணி வருமா?”

“வருமாமுங் சார்.”

மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவர் அப்படிக் குடித்தால் ஏதோ முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நானோ, நல்ல பெயர் வாங்கிவிட்டேன் என்ற பூரிப்பில் இருந்தேன்.

பாவெல் வருவதற்கு முந்தின நாள், கட்டிங் மாஸ்டர் செபஸ்தியான் அண்ணன் என் சீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர். தோளில் ஒரு துணி ரோல், முகமெல்லாம் வேர்வை.

“ஏளா, ஒனக்குப் படிக்கதுக்கு வேற ஊரே கெடைக்கலியா? மொதலாளி லிஃப்ட்ல மேசையும் சேரும் போட்டுட்டாவ. ரோலயெல்லாம் நாங்க படியில சொமந்துட்டுக் கெடக்கோம்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். துணி ரோலும் அட்டைப்பெட்டியும் ஏற்றுகிற எங்கள் சரக்கு லிஃப்டின் சுவர் முழுக்கச் செங்கல் படம் போட்ட ஸ்டிக்கர். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, பூ ஜாடி, முருகன் காலண்டர், சுவரில் மின்விசிறி. மூலையில் ஒரு பிளாஸ்டிக் டிரம், அதில் ஒரு குழாய், கீழே வாளி. நடுவில் சுழல் நாற்காலியில் எங்கள் முதலாளி.

“எப்புடி?” என்றார்.

“சூப்பருங் சார்” என்றேன். (வேறென்ன சொல்வது? யோசனை கொடுத்த மகராசியே நான்தானே.)

பாவெல் வந்தார். நல்ல உயரம். லிஃப்டுக்குள் குனிந்துதான் நுழைந்தார். செங்கல் ஸ்டிக்கரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலாளி பெருமையோடு பட்டனை அமுக்கினார். முதல் மாடி தாண்டியது. இரண்டாவது மாடி பாதி தெரிந்தபோது கரண்ட் போய்விட்டது.

“பயப்படாதீங்க, ஜெனரேட்டர் இருக்குது” என்றார் முதலாளி தமிழிலேயே. சொன்னபடி ஜெனரேட்டர் ஓடியது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, காலண்டர் படபடத்தது. லிஃப்ட் மட்டும் அசையவில்லை. உள்ளே விளக்கும் மின்விசிறியும் மாட்டிய எலக்ட்ரீஷியன், லிஃப்ட் மோட்டாருக்குப் போன ஜெனரேட்டர் லைனைப் பிடுங்கி அவற்றுக்குக் கொடுத்திருக்கிறார். ஆபீஸ் ஜோராக நடந்தது, அந்தரத்தில்.

கம்பிக் கதவுக்கு வெளியே, எங்கள் நெஞ்சு உயரத்தில் இரண்டாவது மாடித் தரை. அங்கே அன்று முறைக்கு வந்திருந்த தையல்காரர்களின் கால்கள் வரிசையாக வந்து நின்றன. ஒரு வடநாட்டுப் பையன் குனிந்து பார்த்து, “சார், டீ?” என்றான்.

அடுத்த சோதனை குழாய். லிஃப்ட் குலுங்கி நின்றதில் அது டிரம்மைவிட்டுக் கழன்று விழுந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதலாளி பாய்ந்து ஓட்டையில் கட்டை விரலை வைத்து அடைத்தார். அதற்குள் பாவெலின் பளபள ஷூவைச் சுற்றிக் குளம் கட்டிவிட்டது. செருப்புக்கே பேர்போன ஊர்க்காரர்! அவர் நிதானமாக ஷூவைக் கழற்றி மேஜைமேல், பூ ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“போச்சு, எல்லாம் போச்சு” என்று என் மனசு ஓலமிட்டது. மேல்மாடி போச்சு, அந்தக் கால்களுக்கு உரியவர்களின் பிழைப்பும் போச்சு, எல்லாம் என்னால். தரையில் மண்டி போட்டு, கைக்குக் கிடைத்த துணியை எடுத்துத் துடைத்தேன், வாளியில் பிழிந்தேன், மறுபடி துடைத்தேன்.

“அம்மணி, அது சாம்பிளு!” என்று விரலை எடுக்காமலே அலறினார் முதலாளி.

ஆமாம். பாவெலுக்குக் காட்டக் கொண்டுவந்த சிவப்பு-வெள்ளைக் கோடு போட்ட டீ-ஷர்ட்.

பாவெல் குனிந்தார். முதலில் வாளியைப் பார்த்தார். தண்ணீரில் தரை அழுக்கு இருந்தது, சிவப்பு இல்லை. டீ-ஷர்ட்டை என் கையிலிருந்து வாங்கி, தன் கையாலேயே முறுக்கிப் பிழிந்தார். விளக்குக்கு நேரே விரித்தார். வெள்ளைக் கோடு, அழுக்கைத் தவிர, வெள்ளையாகவே இருந்தது.

“இதுதான் அந்தச் சிவப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தலையாட்டினேன். அப்புறம்தான் அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், லிஃப்டே குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். அதை நான் முதலாளிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்ததுதான் கொடுமை.

“சார், அவிய ஊரு முதலாளி அந்த லிஃப்ட்டு ஆபீஸ்ல உக்காந்ததே இல்லைங்கற மாதிரிதானாமுங். கட்டி முடிச்ச கொஞ்ச நாள்லயே அன்னியப் பட உள்ள பூந்து, அவரு நாட்ட உட்டே போயிட்டாராமுங்.”

முதலாளி டிரம்மில் விரலோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏனம்மணி, இத நீ படிக்கலியா?”

“அதுக்குள்ள ஸ்டாப் வந்துருச்சுங் சார்.”

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து, லிஃப்ட் இரண்டாவது மாடியில் போய் நின்றது. பாவெல் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தார். துணி போர்த்திய மெஷின்களையும் பக்கத்தில் நின்றவர்களையும் பார்த்து, “இது ஏன் ஓடவில்லை?” என்றார். நான் சமாளிக்க வாயைத் திறந்தேன். முதலாளி முந்திக்கொண்டார்.

“யூ ஆர்டர் கிவ். திஸ் ஆல் பீப்பிள் கம்.”

அவருடைய ஆங்கிலத்துக்கு அன்று வெட்கப்பட்டேன். இன்று யோசித்தால், ஆயிரம் மெயில் எழுதிய நான் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்த டீ-ஷர்ட்டை ஓட்டலில் வெந்நீரில் வேறு துவைத்துப் பார்த்தாராம் பாவெல். முதலில் சின்ன ஆர்டர் வந்தது, பிறகு பெரியது. மெஷின்கள்மேல் போர்த்தியிருந்த துணியைச் செபஸ்தியான் அண்ணன்தான் ஒவ்வொன்றாக உருவினார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

லிஃப்ட் மறுபடி சரக்கு ஏற்றுகிறது. செங்கல் ஸ்டிக்கர் பாதி உரிந்து இன்னும் ஒட்டியிருக்கிறது. கம்பெனியில் அதற்குப் பெயரே ஸ்லின்தான். “ரோல ஸ்லின்ல ஏத்துப்பா” என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அது லிஃப்ட் கம்பெனியின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலோ, நான் பேப்பரில் எதையாவது பார்த்து, “ஏனுங்க, இதக் கேட்டீங்களா” என்று ஆரம்பித்தால் போதும், என் வீட்டுக்காரரும் மகளும் ஒரே குரலில் கேட்பார்கள்: “ஸ்டாப் வந்துருச்சா, வரலியா?”

போன வருஷம் பாவெல் கூப்பிட்டு முதலாளி ஸ்லினுக்கே போய் வந்தார். அந்த லிஃப்ட் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு எனக்கு வீடியோ கால் போட்டார். உள்ளே மேஜை, நாற்காலி, குழாய், எல்லாம் நான் படித்தபடியே இருந்தன. பின்னால் பாவெல் சிரித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள போய்ப் பாருங் சார்” என்றேன்.

“ஏறோணும்னா ஏறலாம் கண்ணு” என்று குரலைத் தாழ்த்தினார் முதலாளி. “நீ மொதல்ல மிச்சத்தப் படிச்சுட்டுச் சொல்லு.”