மதில் தாண்டும் விருந்தாளி

தையல்காரர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். காலையில் நட்ட செடிகள் குழியில் மிதந்துகொண்டிருந்தன. குழி நிரம்பிய தண்ணீர், மதிலடி ஓட்டை வழியாகச் சம்பந்தி வீட்டுக்குள் நடையைக் கட்டியது.

மதிலுக்கு அப்பாலிருந்து சம்பந்தியம்மாளின் குரல்: "மழையே இல்லாம விருந்தாளி வந்தாச்சா! வரட்டும், வரட்டும்!"

தையல்காரருக்குச் சுருக்கென்றது. மகளைப் பக்கத்து வீட்டிலேயே கட்டிக்கொடுத்தவர் அவர். மழை பெய்தால் போதும், அவர் கூரைத் தண்ணீர் அந்த வாசலில் போய் நிற்கும். மகள் இந்த 'விருந்தாளி'ப் பேச்சைக் கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் இந்த மழைத்தோட்டம். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் பள்ளம் வெட்டிச் செடி வைத்தால், அத்தனையையும் மண்ணே குடித்துவிடுமாம்.

"செடியை எப்படிப் பாத்து வாங்கினீங்க?" என்றாள் மனைவி.

"ஜன்னல் கலருக்கு மேட்ச்சா."

"அது என்ன, லைனிங் துணியா?"

"ஊருக்கே அளவெடுத்தவன்டி நான். ஒரு குழி என்னை ஏமாத்திடுமா?"

அடுத்து, கெட்டியாக நிற்கும் என்று கற்றாழை நட்டார். சுற்றிலும் காலருக்குப் பட்டி வைப்பதுபோல் மண்கரை கட்டினார். மழைக்குப் பதில் சோதனையாக மறுபடி குழாயைத் திறந்தார். கற்றாழை சாய்ந்தது, கரை உடைந்தது, சேறும் சகதியுமாக எல்லாம் மதிலடியில் பாய்ந்தது.

"இந்தத் தடவை வண்டலோடவா! ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றது மதில்.

"கேட்டியா குத்தலை?" என்று பல்லைக் கடித்தார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை மதில்மேல் தலையை நீட்டினார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் அளந்து பேசுகிற மனிதர்.

"மாமா, கடப்பாரை வேணும்."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"அம்மா கேட்டாங்க."

கொடுத்துவிட்டு மனைவியிடம் முணுமுணுத்தார். "ஓட்டையை அடைக்கப் போறாங்க. அடைச்சா தண்ணி நம்ம வீட்டுக்குள்ள, மானம் நடுத்தெருவுல."

மறுநாள் செடிக்கடைக்கு ஓடினார்.

"வெள்ளத்துலயும் அழுகக் கூடாது, வெயில்லயும் காயக் கூடாது. அப்படி என்ன இருக்கு?"

"இந்த மண்ணுலயே பொறந்த செடிதாங்க அதுக்கு லாயக்கு. வெட்டிவேர், கோரை, நொச்சி" என்றாள் கடைக்காரி.

"எல்லாத்தையும் கட்டுங்க!"

"ஐயோ, நேத்துதானே ஒரு அம்மா மொத்தத்தையும் வாரிட்டுப் போனாங்க!"

தையல்காரர் அசரவில்லை. இந்த மண்ணில் பிறந்ததற்குக் கடை எதற்கு? நேரே ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கினார். மழையில் முங்கி, கோடையில் வறண்டு, அப்படியும் தலைநிமிர்ந்து நின்றவற்றை மட்டும் வேரோடு பெயர்த்தார்.

"என்ன டெய்லரே, புல்லு புடுங்க வந்துட்டீங்க?" என்றான் சைக்கிளில் போனவன்.

"போடா, இது செலக்‌ஷன்!"

நடுப்பள்ளத்தில் கோரை, விளிம்பில் நொச்சி. குழியையும் இரண்டு மடங்கு அகலப்படுத்தினார். "லூசா தைச்சா கிழியாது" என்பது அவர் தொழில் தர்மம்.

மழை வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. கூரைத் தண்ணீர் பள்ளத்தில் இறங்கியது, சுழன்றது, மண்ணுக்குள் போனது. ஒரு செடி அசையவில்லை. ஓட்டைப் பக்கம் ஒரு சொட்டு எட்டிப்பார்க்கவில்லை.

குடைக்குள் தையல்காரரின் நெஞ்சு ஓர் அங்குலம் அகன்றது. "பாத்தியாடி? இனிமே அந்தம்மா விருந்தாளின்னு வாயைத் திறக்கட்டும், பாக்கலாம்!"

மதில்மேல் மாப்பிள்ளையின் நனைந்த தலை முளைத்தது. முகத்தில் ஒரே சங்கடம்.

"எங்க மேல ஏதாவது கோபமா மாமா? உங்க தண்ணியை நம்பித்தான் அம்மா ஓட்டைக்கு நேரா பெரிய குழியா வெட்டி, கடையில இருந்த வெட்டிவேரையெல்லாம் நட்டு வெச்சிருக்காங்க. விருந்தாளியை ஏன் இன்னும் அனுப்பலன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."