தேன் வேண்டாமென்ற தாதா

ஒரு காட்டில் கரடி ஒன்று படம் எடுத்தது. படம் பாதியில் நின்றது. வில்லன் வளர்ந்துவிட்டான். கெட்டது இவ்வளவுதான். எப்படி என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

கரடியின் பெயர் கரியமாணிக்கம். வயது இருபத்தாறு. கரடிக்கு அது கிழட்டு வயது. அதற்கு முன் மூன்று படம் எடுத்திருந்தது. முதல் படத்துக்குக் குரங்குகள் வந்தன, இடைவேளையில் போய்விட்டன. இரண்டாவதற்கு ஆந்தைகள் வந்து தூங்கின. மூன்றாவதற்கு ஒருவரும் வரவில்லை. அதனால் ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் தன் நல்ல படம் என்று கரடி நினைத்துக்கொண்டிருந்தது.

நாலாவதும் படுத்துவிட்டால் கரடிக்குக் கேமரா பக்கம் இனி வேலை இல்லை. சிங்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பந்தல் கட்டப் போக வேண்டியதுதான்.

எடுத்தது தாதா படம். கோட்டு, தொப்பி, கடத்தல், துப்பாக்கிச் சண்டை எல்லாம் உண்டு. நடிப்பது மட்டும் முழுக்கக் குட்டிகள். நடுநடுவே பாட்டு. குடும்பத்தோடு பார்க்கலாம். தாதாவாகப் புலிக்குட்டி சிங்காரம். வயிற்றில் இலவம்பஞ்சுத் தலையணை, மூக்குக்குக் கீழே கரி மீசை. அதைப் பிடிக்க வரும் போலீஸ் அதிகாரியாக மான்குட்டி கோமளா. துப்பாக்கிக்குப் பதில் உண்டிவில். குண்டுக்குப் பதில் சப்பாத்திக்கள்ளிப் பழம். பட்டால் கோட்டு சிவக்கும், வலிக்காது. பழத்தில் இருக்கும் பொடி முள்ளைத் தினமும் காலையில் கரடியே பாறையில் தேய்த்து எடுத்துவிடும். இந்த வேலைக்கு அது யாரையும் நம்பாது.

சிங்காரம் வந்தால் குட்டிகள் கூடிப் பாடும்:

"காடே நடுங்குது, தாதா வாராரு!
அம்மா கூப்பிட்டா, அப்புறமா வாராரு!"

கரடி 'கட்' சொன்னதும் ஆளுக்கு ஒரு நக்கு தேன். அதுதான் அங்கே சம்பளம். சிங்காரம் தலையணையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடிவரும். மிச்சத் தேன் எங்கே போயிற்று என்று கரடியைக் கேட்கக் கூடாது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிச் சண்டைக்கு மட்டும் வனக்கலை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. முக்கிய வேடம் கட்டும் குட்டிக்கு ஒரு படிவம். ஒன்பதாம் கட்டத்தில் உயரம். மூன்று வாரம் வரிசையில் நின்று ஜன்னலுக்குப் போனால் உள்ளே ஆமை உலகநாதன்.

"ஒண்ணரை முழம்னு எழுதியிருக்கீங்க. நிக்கிற பையன் ரெண்டு முழம் இருக்கானே?"

"எழுதினப்ப ஒண்ணரைதான்யா. உன் வரிசையில நின்னே வளந்துட்டான்."

"அப்ப புதுசா எழுதுங்க. கடைசியில போய் நில்லுங்க. அடுத்து யாரு?"

இப்படி மூன்று தடவை. கரடி ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதியது. சிங்காரம் ஒவ்வொரு தடவையும் வளர்ந்தது. நாலாம் தடவையும் காத்திருக்கக் கூடிய ஜாதி இல்லை கரடி. மூன்றாவது படிவத்தைக் கசக்கி எறிந்தது. அனுமதியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நாளைக் காலையில் எடுக்கிறேன் என்று கத்தியது. கத்திய கோபம் மறுநாளும் தீரவில்லை. அந்தக் கோபத்தில் பழத்தின் முள்ளைத் தேய்க்க மறந்துபோனது.

காட்சி இதுதான்: கோமளா பாடி முடித்ததும் தாதா மண்டியிட்டு அழ வேண்டும். கோமளா பாடியது. சிங்காரம் மண்டியிடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்லக் கிட்டே வந்தது. தலையணை கீழே நழுவிக் கிடந்தது. இப்போதெல்லாம் அது தேவைப்படவும் இல்லை.

"அப்படித்தாண்டா!" கரடி துள்ளியது. "கண்ணுல அந்தப் பசி! விடாத, அப்படியே வெச்சுக்கோ!"

சிங்காரத்தின் அம்மா காந்திமதி பூரித்துப் போனாள். "எம்புள்ள வேஷத்துக்குள்ளயே போயிட்டான், பாருங்க."

கோமளாவின் அப்பாதான் நடுங்கிக்கொண்டு சொன்னார்: "டைரக்டர் ஐயா, இன்னைக்கு இது போதும்யா."

"கட்!" என்றது கரடி.

குட்டிகள் எல்லாம் தேனுக்கு ஓடின. சிங்காரம் நின்ற இடத்தில் நின்றது.

"டேய், தேன் வேணாமா?"

"வேணாம் மாமா."

"ஏண்டா, வயித்து வலியா?"

"இல்ல மாமா. பசி." கோமளாவைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

அப்போதுதான் கரடிக்கு உறைத்தது. எழுந்து ஓட நினைத்தது. முழங்கால் பிடித்துக்கொண்டது. கோமளா யாரையும் எதிர்பார்க்கவில்லை. உண்டிவில்லைக் குளம்பால் மிதித்து, பல்லால் இழுத்து விட்டது. பழம் சிங்காரத்தின் மூக்கில் தெறித்தது. பழத்தோடு நூறு முள்ளும் போனது.

"அம்மா!" என்று சிங்காரம் அலறியது. கதையில் எழுதியிருந்தபடியே மண்டியிட்டு அழுதது. அப்படியொரு நடிப்பைக் காடு பார்த்ததில்லை. ஆனால் 'கட்' சொல்லியாகிவிட்டது. கேமராவைத் தாங்கி ஒற்றைக் காலில் நின்ற கொக்கு அதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிவிட்டது.

காந்திமதி இரண்டு நாள் முள் எடுத்தாள். மூன்றாம் நாள் வந்தாள்.

"இனிமே எம்புள்ள குட்டி வேஷம் கட்டமாட்டான். வேட்டைக்குப் போறான்."

"அப்ப என் படம்?"

"உங்க படத்த நீங்களே பாத்துக்குங்க. போன படத்த அப்படித்தானே பாத்தீங்க?"

கரடி நேராக அலுவலகத்துக்குப் போனது. இந்த முறை வரிசையில் நிற்கவில்லை. ஜன்னலுக்குள் தலையை விட்டது.

"யோவ், என் மனுவைக் கிழிச்சுப் போடு."

"கிழிக்கவும் ஒரு ஃபாரம் இருக்கு," என்றது உலகநாதன். பிறகு கரடியின் முகத்தைப் பார்த்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தது. "உயரம் மாறாத புள்ளையா வேணும்? என் கடைக்குட்டி இருக்கான்."

"என்ன வயசு?"

"நாப்பத்து மூணு. குழந்த."

"என்னைவிடப் பதினேழு வயசு மூத்தவன்யா!"

"எங்க வீட்டுல அவனுக்கு இன்னும் ஓடே முத்தல."

கடைக்குட்டியின் பெயர் சின்னத்துரை. படிவம் எழுதும்போது ஒரு சாண். மூன்று வாரம் கழித்து ஜன்னலில் அளந்தபோதும் ஒரு சாண். முத்திரை விழுந்தது.

படப்பிடிப்பில் கரடி திணறியது. "தம்பி... அண்ணே... என்ன எழவோ, ஆக்‌ஷன்!" சின்னத்துரை மரத்துக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தது. கேமரா முன்னால் வந்து சேர்வதற்குள் குட்டிகள் 'தாதா வாராரு' என்று பதினோரு தடவை பாட வேண்டியதாயிற்று. கரடி தலையில் அடித்துக்கொண்டது. முதல் நாள் 'கட்' சொன்னதற்குத் தேன் வாங்க சின்னத்துரை வந்து சேர்ந்தது மறுநாள் காலையில்.

படம் வெளியானது. கரடி கடைசி வரிசையில், கதவுப் பக்கம் உட்கார்ந்தது. ஓடுவதற்குத் தோதான இடம். சிங்காரமும் வந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் நாலு நாலு இருக்கை காலி.

திரையில் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கால் வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கால் வந்தது. அரங்கில் சத்தமே இல்லை. கரடி கதவைப் பார்த்தது. அப்போது முன்வரிசைக் குரங்கு ஒன்று விசிலடித்தது.

"என்னா நடைடா! தாதா ஸ்லோமோஷன்ல வர்றாருடா!"

கூரை பிய்ந்தது. இடைவேளையில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நடை இன்னும் முடியவில்லை. கோமளா பாடி, தாதா மண்டியிட்டபோது ஆந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன.

படம் முடிந்ததும் எல்லாரும் கரடியை மேடைக்கு இழுத்துப் போய்க் கையைப் பிடித்தார்கள். எல்லாம் நான் போட்ட திட்டம் என்று சொல்லக் கரடி வாயைத் திறந்தது. வந்தது வேறு.

"என்னைப் பிடிச்சு ஆட்டாதீங்கய்யா. நான் கெடுத்தவன். படத்த நிமிர்த்தின ஆள் அதோ வருது."

எல்லாரும் திரும்பினார்கள். நேற்றுக் காலையே மேடைக்குக் கிளம்பி, இன்னும் பாதி வழியில் வந்துகொண்டிருந்தது குழந்தை நட்சத்திரம் சின்னத்துரை.

நீதி: நடிக்க வந்த பிள்ளை வளரக் கூடாது, வளர்ந்தால் பசிக்கும்.