சனி ஞாயிறு வைஃபைக்கு லீவு

ஒரு தாலுகா ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆன பூவனலிங்கத்துக்கு, பதினோரு மாசங்கழிச்சு மறுபடியும் ஒரு பதவி வந்துச்சு. கொண்டாந்து குடுத்தது கேபிள்காரர் மணிராஜ்.

நாகலாபுரத்துப் பக்கம் அவிய தெருவுல செல்போனுக்குச் சிக்னல் வேணும்னா தண்ணித் தொட்டி மேல ஏறணும்; அங்கயும் பேச மட்டுந்தான் முடியும், நெட்டு வராது. அதனால மருமக யோகலட்சுமிதான் சண்டை போட்டு வீட்டுக்கு வைஃபை பெட்டி வாங்கிப் போட்டா. மணிராஜ் அதைச் செவத்துல மாட்டிட்டு, "அண்ணாச்சி, எதையும் மாத்தணும்னா செட்டிங்ஸுக்குள்ள போயி அட்மின்னு அடிங்க"ன்னாரு.

"அட்மின்னா?"

"நிர்வாகி, அண்ணாச்சி."

பூவனலிங்கம் எந்திரிச்சு உள்ள போயி, சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாரு.

ஒரு வாரத்துல பெட்டி அவருக்கு அத்துபடி. எந்த போன் உள்ள வரலாம்னு பட்டியல் போடலாமாம், போட்டாரு. நெட்டு எந்த நேரம் ஓடணும்னும் வைக்கலாமாம். காலைல பத்துல இருந்து அஞ்சே முக்கால்னு வச்சாரு. ஒண்ணுல இருந்து ரெண்டு சாப்பாட்டு இடைவேளை. சனி ஞாயிறு விடுமுறை. சேரணும்னா மனு குடுக்கணும்.

இவரு எப்படியாப்பட்ட ஆளுன்னா, எதுத்த வீட்டு சோலைராஜோட வருமானச் சான்றிதழை முன்னொரு காலத்துல ஆடு தின்னுபோச்சு. புதுசு கேட்டுப் போனா, "தின்ன ஆடு உம்ம ஆடுதான்னு ஒரு சான்று கொண்டாரும்"னாரு. அவரு அலைஞ்சு வாங்கிட்டு வாரதுக்குள்ள ஆட்டைக் கோயில் கொடைக்கு வெட்டியாச்சு. "அப்ப ஆட்டுக்கு இறப்புச் சான்று"ன்னாரு இவரு. சோலைராஜுக்கு இன்னும் வருமானமே இல்லாத மாதிரிதான். அது கிடக்கட்டும்.

யோகலட்சுமிக்கு நாலு ஏக்கர் மிளகாய். போன வருஷம் பழுக்கையில மழை பெஞ்சு அம்புட்டும் அழுகிப்போச்சு. பயிர்க் காப்பீடு போடாததால ஒத்தைக் காசு வரல. இந்த வருஷம் நெட்டுல பதிய சனிக்கிழமை கடைசி.

"மாமா, என் போனையும் சேத்துவிடுங்க. நாம ஒரே வீடுதான?"

"ஒரே வீடுங்கதுக்கு ஆதாரமா குடும்ப அட்டை நகல் வைக்கணும்."

வச்சா. தேதி இல்லன்னு திரும்பி வந்துச்சு. தேதி போட்டா. உரிய வழியா வரல, புருசன் மூலமா அனுப்புன்னு வந்துச்சு. புருசன் ஜெயகிருஷ்ணன் லாரியோட குஜராத்துல கிடந்தான். அவனுக்கு போன் போட இவ தண்ணித் தொட்டி மேல ஏறுனா. இதுக்கு நடுவுல மதியம் ஒரு மணியானா மட்டும் மனுதாரர் மருமகளாயிருவா. "தாயி, புளிக்குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்"ம்பாரு. ரெண்டு மணிக்கு மறுபடி மனுதாரர்.

வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு மனு ஏற்கப்பட்டுச்சு. அவ படபடன்னு அடிச்சு, நெலத்துக்கான அடங்கல் போட்டோ முக்கால்வாசி ஏறையில நெட்டு நின்னுபோச்சு. மணி அஞ்சே முக்கால்.

"மாமா, ஒரு அஞ்சு நிமிசம்."

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்க."

"நாளைக்கோட முடியுது மாமா."

"அப்ப திங்கக்கிழமை, காலாவதியாகிவிட்டபடியால்னு எழுதி மனுவை முடிச்சிரலாம். நிலுவையில நிக்காது பாருங்க." அப்புறம் ஆறு மணிக்கு அடுப்படிக்கு வந்து, "தாயி, காப்பி"ன்னாரு. குடுத்தா.

மறுநாள் அவரு குளத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாரு. பஸ் கிளம்புன சத்தம் கேட்டதும் யோகலட்சுமி வளையல்ல கிடந்த ஊக்கைக் கழட்டி, பெட்டிக்குப் பின்னால இருந்த சின்ன ஓட்டைக்குள்ள விட்டு, இருபது எண்ணுற வரைக்கும் அமுக்குனா. பட்டியல், நேரம், விடுமுறை எல்லாம் போச்சு. லைனுக்கு உண்டான பேரும் பாஸ்வேர்டும் திரும்பப் போடணுமே? மாமனார் கோப்புல ரெண்டு பிரதியா எழுதி வச்சிருந்தாரு. அந்தக் கோப்பு செஞ்ச ஒரே உபகாரம் அதுதான். பத்தரைக்கெல்லாம் காப்பீடு பதிஞ்சு ரசீது வந்துருச்சு.

சாயங்காலம் வந்தவரு பெட்டியைப் பாத்துட்டு, "யாரு உத்தரவுல இது நடந்துச்சு?"ன்னாரு.

"மின்னழுத்தக் குறைபாடு காரணமாகன்னு எழுதிக்கோங்க மாமா."

எழுதி, தேதி போட்டு, சமாதானமாயிட்டாரு. வைஃபைக்கு அவ புதுசா வச்ச பாஸ்வேர்டு மட்டும் அவ கிட்ட இருந்துச்சு.

அதை அவ சுண்ணாம்புக்கட்டியால வாசல் செவத்துல எழுதிப் போட்டா. தெருவுல யாரு வேணும்னாலும் போட்டுக்கிடட்டும்னு. பாத்துட்டு சோலைராஜ் யோசனையா நின்னாரு.

"தாயி, மனு வாங்காம குடுக்கயே, இது நல்ல நெட்டுதானா?"

"அதே நெட்டுதான் அண்ணாச்சி."

"ஒரு சீலாவது வைக்கக்கூடாதா?"

இருந்தாலும் தெருவே வந்து ஒட்டிக்கிடுச்சு. வியாழக்கிழமைக்குள்ள முப்பத்தாறு போன். யோகலட்சுமி காப்பீடு என்னாச்சுன்னு பாக்கப் போனா பக்கம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. அரை மணி நேரம் பாத்தா. பெறகு செட்டிங்ஸைத் திறந்து அட்மின்னு அடிச்சா. எல்லாரையும் வெளிய தள்ளிட்டு, புதுசா ஒரு பட்டியல் தொடங்குனா. மொதப் பேரு அவ பேரு.

கொஞ்ச நேரத்துல சோலைராஜ் வந்தாரு, கையில ஒரு தாளோட. "நெட்டு நின்னுபோச்சு தாயி. எதுக்கும் இருக்கட்டும்னு மனுவே எழுதிக் கொண்டாந்துட்டேன்."

யோகலட்சுமி வாங்கி, மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சா.

"தேதி போடலயே அண்ணாச்சி. திங்கக்கிழமை வாங்க."

சோலைராஜுக்கு அப்பதான் மனசு நெறைஞ்சுது. உள்ள உக்காந்திருந்த பூவனலிங்கம் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு, மருமகளைப் பாத்து எந்திரிச்சு நின்னாரு.