இடைவேளை வரைக்கும் ஒரு யுத்தம்

போர் தொடுத்தே தீருவது என்று பிரான்சுவா தியேட்டரிலேயே முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமை மனைவி சகாயசெல்வியோடு பார்த்த சரித்திரப் படம் அப்படி. சண்டைக்குக் காரணம் கிடைக்காத ராஜா, தன் ஆட்களுக்கே எதிரி வேஷம் போட்டுத் தன் கோட்டையையே கொளுத்துகிறான். "பார்த்தீர்களா அக்கிரமத்தை" என்று படையெடுக்கிறான். அடடா, என்ன மூளை. பிரான்சுவா சொக்கிப்போனார். இடைவேளைக்குப் பிறகு ஏசி குளிரில் தூங்கியும்போனார்.

அவருக்கும் ஒரு சண்டை அவசரமாகத் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பெத்தாங் விளையாட்டில் ஃபைனல். இரும்புக் குண்டை வீசி வீசி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அதுவரை வந்திருக்கிறார். பாழாய்ப்போன அதே ஞாயிறுதான் மச்சினர் ரிச்சர்ட் காலாப்பட்டிலிருந்து கருவடிக்குப்பத்துக்கு வீடு மாற்றுகிறார். பீரோ தூக்க வருவதாக இவர் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார்.

ஞாயிறு காலையில் செல்வி, அண்ணன் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்த சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பிரான்சுவா இஸ்திரிப் பெட்டியை மறுபடி சூடாக்கிச் சட்டைமேல் உட்கார வைத்தார். புகை வந்தது. கோட்டை எரிந்தது.

"செல்வி, இங்க வா. உங்க அண்ணன் குடுத்த சட்டையைக் கருக்கி வெச்சிருக்க. உங்க அண்ணன் பீரோவை நான் தூக்கணுமா?"

தலையில் ஈரத்துண்டோடு வந்தவள் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என் தப்புதாங்க."

பிரான்சுவாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தப்புன்னா ஆச்சா? எனக்குக் கோவம். நான் வரமாட்டேன்."

"கோவம் என்மேலதானே? அண்ணன் என்ன பண்ணாரு? என்கூட வராதீங்க, தனியா போங்க." போனை எடுத்தாள். "அண்ணே, நீ குடுத்த சட்டையைக் கருக்கிட்டேன். உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? நான் வரல. அவரு கெளம்பிட்டாரு."

"நான் எங்க கெளம்பினேன்? அப்ப நீ?"

"தப்பு பண்ணவளுக்குத் தண்டனை வேணாமா? வெயில்ல நின்னு உங்களுக்குப் பதிலா குண்டைப் போட்டுட்டு வரேன். உங்க கேப்டன் விஜய்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் குண்டு வீசித் தோற்றது பிரான்சுவாவுக்கு ஞாபகம் வந்தது.

"படத்துல இப்படி வரலியே," என்று முனகினார்.

"இடைவேளைக்கு அப்புறம் கொறட்டை விட்டா எப்படித் தெரியும்? எதிரி நேத்தே கொளுத்திட்டான்னு ராஜா சொல்வான், ராணி சாம்பலைத் தொட்டுப் பாப்பா, சூடு ஆறியிருக்காது. நான் குளிக்கப் போயி அரைமணி ஆச்சுங்க, சட்டை இன்னும் சுடுது. அண்ணன்கிட்ட சொல்லவா?"

பிரான்சுவா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் பீரோவை இறக்கிவைத்து மூச்சு வாங்கும்போது போனில் ஒரு போட்டோ வந்தது. செல்வி கையில் வெற்றிக் கோப்பை. சுடிதாருக்கு மேலே அவர் சட்டை, நெஞ்சில் இஸ்திரிப் பெட்டி முத்திரையோடு.

ரிச்சர்ட் எட்டிப் பார்த்தார்.

"ராசியான சட்டை மாப்ளே. சரி, கட்டில் பாக்கி இருக்கு, அந்தப் பக்கம் புடிங்க."