ஸ்பெக்ட்ரம் அண்ணனின் மூன்றாம் அத்தியாயம்

மதுரையில் பஸ் ஏறிவிட்டு இறங்க மறந்தவர்களுக்கெல்லாம் ஒரு சங்கம் வைத்தால், எங்கள் ஸ்பெக்ட்ரம் அண்ணன்தான் ஆயுட்காலத் தலைவர். தல்லாகுளத்தில் இறங்க வேண்டியவரைக் கண்டக்டர் அழகர்கோவிலில் எழுப்புவார்: "சார், மலை வந்திருச்சு. இதுக்கு மேல பஸ் போகாது." அண்ணன் தூங்கியிருக்க மாட்டார். பானாக் இயற்கணிதம் என்ற தன் ஆராய்ச்சிக் கணக்குக்குள் இருந்திருப்பார்.

ஆராய்ச்சி மாணவர் விடுதியில் என் அறைத்தோழர் அவர். ஸ்பெக்ட்ரம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டுவிட்டுச் சூடாகச் சாப்பிட்டவர் யாருமில்லை.

"அந்த இயற்கணிதத்துல ஒரு உறுப்ப எடுத்துக்க மாப்ள. அதுலருந்து ஒவ்வொரு எண்ணாக் கழிச்சுப் பாரு. எதக் கழிச்சா அதுக்கு நேர்மாறு இல்லாமப் போகுதோ, அந்த எண்ணெல்லாம் சேந்ததுதான் ஸ்பெக்ட்ரம்."

சொல்லிக்கொண்டே தட்டில் சாம்பாரால் அதை ஒரு தீவாக வரைவார். மெஸ்காரர் வந்து நிற்பார்.

"அண்ணே, தட்டக் கழுவணும்."

"நடுவுல கழுவிக்கங்க. கரை மட்டும் இருக்கட்டும்."

அவருடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அவனியாபுரத்திலிருந்து அவர் அம்மா ஷேர் ஆட்டோ நிறைய உறவுகளைக் கூட்டி வந்திருந்தார். வெளியூர்த் தேர்வாளர் திருப்தியாகத் தலையசைத்துப் பேனாவைத் திறந்தார். கையெழுத்து விழுந்தால் பட்டம். நான் மிக்சர் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் மட்டும் கனவில் நிற்பவர்போலக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயம் தப்பு."

மிக்சர் மெல்லும் சத்தம் நின்றது.

"உறுப்ப லேசா அசைச்சா ஸ்பெக்ட்ரமும் லேசாத்தான் அசையும்னு வச்சுக்கிட்டேன். பொசுக்குன்னு வீங்காது, சரி. ஆனா பொசுக்குன்னு சுருங்கலாமே?"

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, அவரே விட்டுட்டாரு."

"அவரு விட்டா கணக்கு விடுமா மாப்ள?"

அம்மா என் பக்கம் குனிந்தார். "இம்புட்டுப் பேரக் கூட்டியாந்திருக்கேன். யாரும் கேக்காமயே இவன் எதுக்குய்யா ஒத்துக்கிறான்?"

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். இருவரும் பலகை முன்னால் நின்றார்கள். ஜன்னலில் வேப்பமர நிழல் மெல்ல உள்ளே வந்து, அவர்கள் எழுதிய வரிகளின்மேல் ஆடியது. கடைசியில், பெருக்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாத இயற்கணிதங்களில் மட்டும் அண்ணன் அத்தியாயத்தில் எழுதியது சரி என்று முடிவானது. அந்த நிபந்தனையைச் சேர்த்துத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டார் தேர்வாளர். பட்டம் தள்ளிப்போனது. அண்ணன் மழையில் நனைந்த பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கைக்கு வந்த பட்டத்தைத் தானே தள்ளி வைக்கும் மனிதர் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு பட்டம் வாங்கி வெளியூர் போய்விட்டார். அடுத்த மாதம் என் வாய்மொழித் தேர்வு. "வாரேன் மாப்ள" என்றிருக்கிறார். வந்தால் சும்மா இருக்க மாட்டார். ஏதாவது ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.