கேட்காமலே தள்ளுகிறவர்

கூப்பிடாமலே உதவிக்கு வரும் இனம் ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவிலேயே நாலைந்து உருப்படி தேறும். சக்கர நாற்காலியைக் கண்டால் இவர்களுக்குக் கை நமநமக்கும். மருந்துக்கடை வாசலில் தன்பாட்டுக்குக் காத்திருக்கிற பெண்ணை, அவள் வாயைத் திறப்பதற்குள் பிடித்துத் தள்ளி, சாலையைக் கடத்தி, எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஏற்றிவிட்டு, "பரவாயில்லம்மா, நன்றியெல்லாம் எதுக்கு" என்று கையைத் தட்டிக்கொண்டு போவார்கள். அவள் எங்கே நன்றி சொன்னாள்? இன்னும் மருந்தே வாங்கவில்லை.

இந்த இனத்தில் நான் அறிந்த தலைசிறந்த உருப்படி ஒரு பெரியப்பா. ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். கால் நடக்காத தம்பி மகள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவள் அம்மாவிடம், "அவளுக்குக் காபியில சர்க்கரை போடலாமா?" என்று கேட்பார். கால் நடக்காவிட்டால் காதும் கேட்காது என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம். அந்தப் பெண்ணோ கைச்சைக்கிள் பந்தயக்காரி. தரையோடு தரையாகச் சாய்ந்து படுத்து, பெடலைக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. அவள் கைகுலுக்க வந்தால் பெரியப்பா முன்கூட்டியே மோதிரத்தைக் கழற்றிக்கொள்வார். அப்போதும் அவர் கண்ணுக்கு அவள் பச்சைக் குழந்தைதான்.

அன்று பெண்களுக்கான தேர்வுப் பந்தயம். குறைந்த நேரத்தில் முடிக்கிறவளுக்கு மட்டுமே சர்வதேசப் போட்டியில் இடம். ஒவ்வொருத்தியாகப் புறப்பட்டு, தனியாக ஓட்டி, கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். வழியில் யாராவது தள்ளிவிட்டால் ஆட்டம் குளோஸ்.

"கத்துங்க, விசிலடிங்க, என்ன வேணா பண்ணுங்க பெரியப்பா. வண்டிய மட்டும் தொடாதீங்க," என்று அவள் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தெரியாதா? எத்தன பந்தயம் பாத்திருக்கேன்."

பார்த்ததெல்லாம் டிவியில், அதுவும் பாதித் தூக்கத்தில்.

கடைசி மேடு வந்தது. அதுவரை அவள் நேரத்தை எவளும் நெருங்கவில்லை. மேட்டுக்குத் தகுந்தபடி கியரைக் குறைத்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு நிதானமாகச் சுற்றினாள். மாதக்கணக்கில் அந்த நிதானத்தைத்தான் பழகியிருந்தாள். மேட்டோரம் கூட்டத்தில் நின்ற பெரியப்பா பார்த்தார். ஐயையோ, குழந்தை திணறுகிறதே! தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, மூட்டுவலியையும் மறந்து ஓடி, வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரே தள்ளு.

"கைய எடுங்க பெரியப்பா."

எடுத்தார். அதற்குள் நடுவர் விசில் ஊதியாயிற்று. சர்வதேச இடம் நேரக் கணக்கில் அடுத்து இருந்தவளுக்குப் போனது. இவள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே, வாய்விட்டு அழுதாள்.

பெரியப்பா வருந்தினாரா? "மனுஷத்தன்மையே இல்லாத ரூல்ஸ்" என்று நடுவரோடு சண்டைக்குப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களிடம், "நான் மட்டும் இல்லேன்னா அந்த மேட்டுலயே நின்னுபோயிருப்பா" என்றார். அவர்களும் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே இருந்தவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் இப்போது அடுத்த தேர்வுக்குத் தயாராகிறாள். மனம் உடைந்தெல்லாம் போகவில்லை. பெரியப்பா மேல் கொலைவெறியில் இருக்கிறாள். பயிற்சிக்கு அது ரொம்ப நல்லது.

சரி, உங்களை ஒன்று கேட்கிறேன். விசில் ஊதிய இடத்தில் நீங்களும் ஒரு 'ச்சு' கொட்டினீர்கள், இல்லையா? "பாவம், கால் வேற நடக்காத பொண்ணு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்கள், இல்லையா? அப்படியானால் அடுத்த பந்தயத்துக்கு அவசியம் வாருங்கள். பெரியப்பா உங்களுக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருப்பார்.