ஊர்வலத்துக்குக் காவல்

கடலே இல்லாத செம்மலை நாட்டில் துறைமுகத்துக்கென்று ஓர் அமைச்சர் இருந்தார். காவலர்களுக்கு ஓய்வுநாள் மட்டும் இல்லை.

அந்நாட்டுக் காவலன் சிலம்பன் ஒருநாள் தன் தலைவர் கொற்றவேலிடம் வந்து நின்றான்.

"ஐயா, மனசே சரியில்லைங்க. கொஞ்ச நாள் வீட்டோட இருந்துட்டு வரட்டுங்களா?"

"திருவிழா முடியட்டும்பா. எல்லாருக்கும்தான் கஷ்டம்."

திருவிழா முடியுமுன் சிலம்பன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அப்படிப் போன முதல் காவலன் அவன் அல்லன்.

அரசவை கூடியது. "காவலன் என்றால் இரும்பு. இரும்பு வருந்தலாமா?" என்று கேட்டார் முதலமைச்சர். காவலர் வருந்துவது குற்றமாயிற்று. மனக்கஷ்டம் என்று வாய்திறந்தவனின் தலைப்பாகையைப் பறித்துத் தெருவில் நடத்தினார்கள். அதன்பின் யாரும் வாய்திறக்கவில்லை.

"வருத்தம் ஒழிந்தது" என்று முதலமைச்சர் அறிவித்த வாரமே இன்னொரு காவலன் போனான்.

அண்டை நாட்டுத் தூதர் விசாரித்துவிட்டதால் அரசருக்கு வெட்கமாகிவிட்டது. 'காவலர் உயிர் காப்போம்' என்று மாபெரும் ஊர்வலத்துக்கு ஆணையிட்டார். ஊர்வலத்துக்குக் காவல் வேண்டுமே? எல்லாக் காவலர்களின் விடுப்பும் ரத்தாயிற்று.

அரசர் சால்வை போர்த்துவதற்காகச் சிலம்பனின் மனைவி பூங்காவனத்தை அழைத்து வந்திருந்தார்கள். அவள் சால்வையைத் தாண்டி நடந்து, வெயிலில் நின்ற கொற்றவேலிடம் போனாள்.

"அவரு உங்ககிட்டதானே வந்து கேட்டாரு?"

"ஆமாம்மா."

"என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாமேய்யா."

அவள் கத்தியிருந்தால் கொற்றவேல் தாங்கியிருப்பார். அவளைப் பார்க்க முடியாமல் திரும்பினார். பக்கத்தில் நின்ற இளங்காவலன் உலகனின் கையில் வேல் தலைகீழாக இருந்தது.

"உலகா, என்னப்பா செய்யுது?"

"ஒண்ணுமில்லீங்கய்யா."

"சட்டத்தை விடு. நான் கேக்குறேன்."

"உசுரோட இருக்கவே பிடிக்கலைங்கய்யா."

கொற்றவேல் அவன் தோளைப் பிடித்து, அணிவகுப்பைக் கலைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வைத்தியரிடம் கூட்டிப்போனார். அவன் அண்ணன் வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காவல் குறைந்த ஊர்வலத்துக்கு ஒன்றும் நேரவில்லை.

உலகன் பிழைத்தான். கடமை தவறியதற்காகக் கொற்றவேலின் பதவி போயிற்று.

மறு ஆண்டு உலகனை மேடையேற்றி முதலமைச்சர் முழங்கினார்: "நமது ஊர்வலம் ஓர் உயிரைக் காத்தது! ஆகவே இனி மாதந்தோறும் ஊர்வலம். காவலர் எவருக்கும் விடுப்பில்லை."

மக்கள் கைதட்டினார்கள். காவலர்கள் தட்டவில்லை. அவர்கள் கைகளில் வேல் இருந்தது.